நெட் ஃபர்லாங் நம் கடைக்கு வரவே இல்லை

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம், வயிற்றெரிச்சல் மட்டும் எனக்குத் தனியாக உண்டு. பெர்த் வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே. எரிச்சலுக்குக் காரணம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து அட்ராக்டா கின்செல்லாதான். யாராவது செத்தால் ஒழிய அவள் பப்பில் நான் கால் வைத்ததில்லை, உனக்கே தெரியும், ஆனால் போன ஞாயிறு ஊர் வரலாற்றுக் கழகத்தார் அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கூடினார்கள், நெட் ஃபர்லாங் நினைவுக் கல்வெட்டைப் பதிப்பது நம் பப் சுவரிலா அவள் பப் சுவரிலா என்று முடிவு செய்ய. போகாமல் இருப்பேனா? மீன் சூப்பில் ஒரு முள்ளாவது சிக்காதா என்று அடிவரை துழாவினேன், சிக்கவில்லை. ரொட்டியும் அடுப்புச் சூடு. குறை சொல்ல வழியில்லாமல் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா.

அதற்குள் அவள் தோளில் துண்டோடு வந்து, அந்தக் காலத்தில் இங்கிலீஷ் பட்டாளம் தேடிய விடுதலைப் போராளி நெட் ஃபர்லாங்கை அவர்கள் குடும்பம் ஒளித்துவைத்த கதையை ஆரம்பித்தாள். மேல எங்க தாத்தா பட்டாளத்துக்கு ஊத்திக்கிட்டே இருந்தாரு, கீழ பீப்பாய்க்குப் பின்னாடி நெட்டு மூச்சுகூட விடல என்றாள். இருட்டியதும் நெட் கிளம்பினாராம், ஆலையருகே பிடித்துச் சுட்டுவிட்டார்களாம். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கல்வெட்டு கைநழுவுகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கெளம்பினவரு நேரா எங்க கடைக்குத்தான்யா வந்தாரு, கடைசிக் கோப்பையை எங்க தாத்தா கையாலதான் வாங்கிக் குடிச்சாரு என்று அடித்துவிட்டேன். நம் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று.

கழகத்துக் கிழவர் மர்ட் டெவரூ கரண்டியைக் கீழே வைத்தார். அப்படியா மாலகி, அவரு அங்க வந்தது உங்க தாத்தாவுக்கு மட்டுந்தான் தெரியும்னா, பட்டாளத்துக்குப் போட்டுக்குடுத்தது யாருன்னு நாங்க இத்தன வருஷமா மண்டைய உடைச்சிக்கிட்டிருக்கோமே என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த ஊரில் திருடன் பேரன், குடிகாரன் பேரன் எல்லாம் பிழைக்கலாம், காட்டிக்கொடுத்தவன் பேரன் கடையில் ஒருத்தனும் கோப்பையைத் தொடமாட்டான். கடையை மூடிவிட்டு உன்னிடமே வந்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வியர்த்துவிட்டது.

காப்பாற்றியவள் அட்ராக்டா. அட விடு மர்ட்டு, இவன் கடை பீரை ஒரு வாய் குடிச்சவன் ரெண்டாவது வாய்க்கு உக்காருவானா, உயிருக்குப் பயந்து ஓடினவரு அங்கயா போவாரு, சும்மா ஜம்பத்துக்கு அளக்குறான்யா என்றாள். கூரை அதிரச் சிரித்தார்கள், நானும் ஆமா, ஜம்பந்தான், அவரு வரவே இல்ல என்று தலையாட்டினேன். கல்வெட்டு அவளுக்குத்தான். போதாக்குறைக்கு என் தட்டில் மட்டும் ஆப்பிள் பண்டமும் இரண்டு கரண்டிப் பாலேடும் வைத்தாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் மகளே, நம் வாடிக்கை முழுக்க அவளுக்குத்தான். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். பழைய கடை, முள்ளில்லாத சூப், இப்போது நல்ல மனசும் அவளுக்கே என்றால் மனுஷன் எதைத்தான் பொறுப்பது?

போய் நன்றி சொல்லிவிட்டு வா என்று அம்மா தினமும் நச்சரிக்கிறாள். தினமும் பாலத்தின் பாதிவரை போய்த் திரும்பிவருகிறேன்.

கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும். அங்கே நம் ஊர்க்காரர் யாராவது கேட்டால் மறவாதே, நெட் நம் வாசற்படியை மிதித்ததே இல்லை.

உன் அசட்டு அப்பா,
மாலகி ரெட்மண்ட்