அம்மாவுக்கு ஊற்றும் தண்ணீர்

ஜூன் 3, திங்கள்

இனி மருந்தால் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரூரிலிருந்து பரமத்தி வேலூர் வரும்வரை அம்மா காரில் வாயே திறக்கவில்லை. வாசலில் இறக்கும்போதுதான் சொன்னாள்: "நான் மவுத்தானா நீதான் என்னயக் குளிப்பாட்டோணும், சாதியா. வேற யாரு கையும் வேண்டாம்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். எந்தத் தைரியத்தில் ஆட்டினேன்?

ஜூன் 4

தூக்கமே இல்லை. பெற்ற அத்தா மவுத்தான அன்று கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். வாசற்படியிலேயே மயங்கி விழுந்தேன். நாற்பத்தாறு வயதில் புதிதாக நெஞ்சுரம் முளைக்குமா?

தம்பி வாஜித்திடம் சொன்னேன். "மய்யித்துக் குளிப்பாட்ட ஜமாத்துல அஜீஸாக்கா இருக்காங்க. உன்னால ஆவாதுக்கா, உட்டுரு" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் வலிக்கிறது.

ஜூன் 8

அஜீஸா வீட்டுக்குப் போனேன். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். வலது பக்கத்தில் தொடங்க வேண்டும். மேலே போர்த்திய துணி விலகக் கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். "உசுரோட இருக்கறவங்களுக்கு ஊத்தற மாதிரி மெதுவா ஊத்துங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

ஜூன் 11

குளிக்க வைக்கலாம் என்று அம்மாவைப் பலகையில் உட்கார்த்தினேன். அவள் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். "எம்மேலயே பழகிக்க" என்றாள். என்ன கூத்து இது!

ஊற்றினேன். "சூடா இருக்குடி." மறுபடி ஊற்றினேன். "இப்பவும் சூடுதான். அப்பறம் நான் சொல்ல மாட்டேன், நீதான் பாத்துக்கோணும்" என்று சிரித்தாள்.

எலும்பு துருத்திய அந்தத் தோள் — சொம்பைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடிவிட்டேன். முடியாது. என்னால முடியவே முடியாதும்மா. ஏன் என்னைப் போய்க் கேட்ட?

ஜூன் 17

பக்ரீத். அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஜூன் 19

மறுபடி ஊற்றினேன். சூடு என்றாள். அழுதேன், ஓடவில்லை. பயம் கொஞ்சமும் குறையவில்லை. அம்மாதான் குறைந்துகொண்டே போகிறாள்.

ஜூன் 24

இன்று சூடு என்று அவள் சொல்லவில்லை. சரியாக இருந்ததா, சொல்லத் தெம்பில்லையா — கேட்கப் பயந்துகொண்டு கேட்கவில்லை.

ஜூன் 29

நேற்று அம்மா மவுத்தாகிவிட்டாள்.

"அக்கா, நீ வெளியவே இரு" என்றான் வாஜித். உள்ளே போய்த் தாழ் போட்டேன். அஜீஸாவும் நானும் மட்டும். பிஸ்மி சொல்லித் தொடங்கும்போதே கை நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று சொம்பை எடுத்தேன். தண்ணீரை என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன்.

"சூடா இருக்காம்மா?"

வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அப்புறம் அரைச் சொம்பு பச்சைத் தண்ணீர் கலந்து, வலது பக்கத்திலிருந்து மெதுவாக ஊற்றினேன்.