காதுக்குப் பின்னால் ஒரு கரிப்பொட்டு

அக்கா,

ஜீப் வந்த அன்றைக்குக் கொட்டாயில் இருந்தவர்கள் எல்லாரையும் முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நம் மாமியார் முனியம்மா. உனக்கு அவள் அம்மாவைப் பெற்ற ஆயாவும்கூட. உன் புருஷன் கன்னியப்பன்; உன் சொந்தத் தாய்மாமன். செத்தவர்கள் பேரைச் சொல்வதில் பாவமில்லை, அதனால் சொல்லிவிட்டேன். நாத்தனார் வசந்தா, வேங்கிக்காலில் கல்யாணம் நிச்சயமாகிப் புதுக் கம்மல் போட்டிருந்தாள். ஜீப்பில் வந்த டாக்டரம்மா, பேர் மல்லிகா என்று சொன்னார். அப்புறம் நீ. இடுப்பில் பிள்ளையோடு நான். தூணில் சாய்ந்துகொண்டு உன் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரர்.

அவர் பேரை நான் சொல்கிற வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால் உன் முகத்தைத்தான் பார்ப்பேன். "அவ வாயில வராதுங்க, நான் சொல்றேன்" என்று நீ சொல்வாய். வரும் வழியில், "ஏண்டி சின்னவளே, பேரைச் சொன்னா ஆளு கரைஞ்சா போயிடுவான்?" என்று கிண்டல் வேறு.

இத்தனை வருஷம் கழித்து, மூன்றாவது வரைக்கும் படித்த இந்தக் கையை எழுத வைத்தது ஒரு மாத்திரை. மிளகு அளவு. மஞ்சள் நிறம். என் மகன் பெண்டாட்டி செல்வி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். கல்யாணமாகி ஆறு மாசம்தான், அவள் இன்னும் முழுகாமல்கூட இருக்கவில்லை.

"வயித்துல ஒண்ணும் இல்லாதப்பவே எதுக்குடி மாத்திரை?" என்றேன்.

"பிள்ளை தங்கறதுக்கு முன்னாடியே போடணும் அத்தை. மண்டையும் முதுகும் மூடறதெல்லாம் முதல் மாசத்துலயே முடிஞ்சிடுமாம். வயித்துல இருக்குன்னு நமக்கே தெரியாதப்ப."

செம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மூடுகிறது என்றாளே, அந்த வார்த்தை என்னை உன் முதல் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்த் தள்ளியது.

மருத்துவச்சி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். நான் உள்ளே போனேன். பெண் பிள்ளை. கை, கால், நகம் எல்லாம் செதுக்கினது போல அழகு. புருவத்துக்கு மேலே ஒன்றுமில்லை. மண்டை மூடவே இல்லை. கண் இரண்டும் பெரிதாகப் பிதுங்கி, உத்தரத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. நான் வலப்பக்கம் நகர்ந்தேன், இடப்பக்கம் நகர்ந்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. மேலே இருந்ததைத்தான் பார்த்தது.

மூச்சு நின்றதும் நம் அத்தை அடுப்பிலிருந்து கரி எடுத்து வந்து, அதன் இடது காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள். மறுபடியும் வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமாம். பிறகு நம் எல்லாருக்கும் உத்தரவு போட்டாள். பேர் வைக்கக் கூடாது. அழக் கூடாது. யார் கேட்டாலும் கணக்கில் சொல்லக் கூடாது. சொன்னால் அது வீட்டு ஆளாகிவிடும், திரும்பி வரும். கிரிவலப் பாதையை ஒட்டின நம் கொல்லையில், நுணா மரத்தடியில் புதைத்தார்கள். நீ தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காய்ச்சலிலிருந்து எழுந்தவள் மாதிரி மூன்றாம் நாள் சாணி தட்டப் போனாய்.

ஊர் வாய்க்கு ஒரு காரணம் வேண்டுமே. "கிரகணத்துல பூசணிக்காய் நறுக்கினா, அதான் மண்டை பொளந்துபோச்சு" என்று அத்தையே கிளப்பிவிட்டாள். அந்தக் கிரகணத்தில் நீ உள்ளே போர்த்திப் படுத்திருந்தாய் அக்கா. அருவாமணையில் உட்கார்ந்தது நான். வயிற்றில் என் மகனை வைத்துக்கொண்டு, மாங்காய் நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றேன். அவன் மண்டை இன்றைக்கும் தேங்காய் மாதிரி கெட்டி. அதில் எதுவும் ஏறாது என்பது வேறு கதை.

எனக்கு ஒரு சண்டை என்றால் கீழ்பென்னாத்தூர் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். நீ எங்கே போவாய்? பிறந்த வீடும் புகுந்த வீடும் உனக்கு ஒன்று. உன்மேல் பழி போட்டவளே உனக்குப் பால் புகட்டி வளர்த்த ஆயா.

இரண்டாவது பிரசவம் டவுன் ஆஸ்பத்திரியில். உன் மாமன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பத்தாவது படித்தவர் என்பதால் உன் கொழுந்தன்தான் உள்ளே போய் டாக்டரிடம் பேசினார். வெளியே வந்து, "ஒண்ணும் சொல்லலை, விதின்னு சொன்னாங்க" என்றார். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அதே முகம். அக்கா தங்கை ஜாடை என்று சொல்வோமே, அது இல்லை. அதே முகம். அதே கண், அதே மேல் பார்வை. துணியை விலக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தேன். இடது பக்கம் கறுப்பாக ஒரு புள்ளி. மச்சமோ, ரத்தம் கட்டியதோ, எனக்குத் தெரியாது. பார்த்தேன், அவ்வளவுதான்.

உன்னிடம் நான் சொல்லவில்லை. நீயே சொன்னாய்: "அதே பிள்ளைதான்டி. வழி தெரியாம திரும்பி வருது."

அதற்குப் பிறகுதான் பௌர்ணமி சாயங்காலங்களில் கொல்லை வேலியோரம் போய் நிற்க ஆரம்பித்தாய். மலையைச் சுற்றுகிற ஜனம் செருப்பில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை உன்னைக் கூப்பிட வந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாய். "இவ்ளோ காலடியில ஒண்ணு மட்டும் சின்னதா கேக்குது பாரு. நம்ம வேலிகிட்ட வந்ததும் நின்னுடுது." உன் கை ஜில்லென்று இருந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த சமயத்தில்தான் ஜீப் வந்தது.

விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். ஆளாளுக்கு முறம் நிறைய வேர்க்கடலைக் காய். டாக்டரம்மா நம்மோடு தரையிலேயே உட்கார்ந்தார். "இந்தச் சுத்துப்பட்டுல குறையோட பிறக்கற பிள்ளைங்க எத்தனை, எங்க ஜாஸ்தி, எங்க கம்மி, எதனாலன்னு கணக்கு எடுக்கறோம்மா. உதடு பொளந்தது, கால் வளைஞ்சது, மண்டை மூடாதது, செத்துப் பிறந்தது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. யார் மேலயும் தப்பு சொல்ல வரலை. சிலதுக்கு முன்கூட்டியே மாத்திரை இருக்கு" என்றார். சொந்தத்தில் கட்டினதா, எந்தக் கிணற்றுத் தண்ணீர், பயிருக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்.

அதுவரைக்கும் கொட்டாய் முழுக்க டக், டக் என்று ஓடு உடைகிற சத்தம். மண்டை மூடாதது என்றதும் அத்தனை கையும் நின்றுவிட்டது.

"எங்க வீட்டுல அப்படி எதுவும் இல்லம்மா. வேற ஊர்ல போய்க் கேளு" என்றாள் அத்தை.

டாக்டரம்மா உன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

நீ ஒரு காயை எடுத்து உடைத்தாய். உள்ளே பருப்பில்லை, வெறும் பொக்கு. அதைப் பார்த்துக்கொண்டே, "இல்லைங்க" என்றாய்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ரெண்டு பிறந்துச்சுங்க" என்றேன்.

தூணில் சாய்ந்திருந்தவர் சிரித்தார். "நம்ம வீட்டுப் பசு போட்ட ரெண்டு கன்னுக்குட்டி செத்துப்போச்சுங்க, என் பொண்டாட்டி அதைச் சொல்லுது. அதுக்கு மனுஷன், மாடு வித்தியாசம் தெரியாது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரித்தாள். வசந்தா கம்மல் ஆடச் சிரித்தாள். உன் மாமன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். டாக்டரம்மா எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாவம், தானும் சிரித்தார். நீயும் சிரித்தாய் அக்கா. உன் பிள்ளைகளைக் கன்றுக்குட்டி என்றதற்கு நீ சிரித்ததை நான் பார்த்தேன். உன் கை மட்டும் அந்தப் பொக்கு ஓட்டைத் தூளாக நொறுக்கிக்கொண்டிருந்தது. ஜீப் போனதும் அத்தை என்னைக் கொட்டாய்க்குப் பின்னால் இழுத்துப்போய் வாயில் அடித்தாள். அந்தப் பல் இன்றைக்கும் ஆடுகிறது.

மூன்றாவதில் உன் வயிறு மாசத்துக்கு மீறிப் பெருத்தது. தண்ணிக்குடத்தில் தண்ணீர் அதிகம் என்றார்கள். வலி எடுத்த காலையில் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "இந்தத் தடவையாவது பேர் வெச்சிடுடி. பேர் இல்லாததாலதான் வீடு தெரியாம சுத்துது" என்றாய். உச்சி வெயிலில் உன்னைப் பாயோடு வெளியே கொண்டுவந்தார்கள். ரத்தம் நிற்கவே இல்லை. பிள்ளையை உன் பக்கத்தில் மூடி வைத்திருந்தார்கள். அதன் காதைப் பார்க்கப் போனேன். விடவில்லை.

இப்போதைக்கு வருகிறேன். செல்வி மாத்திரையை விழுங்கினாளே, அப்போது உன் கொழுந்தன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அட, இந்த மஞ்ச மாத்திரைதான். அண்ணிக்கு இதைத்தான் அடுத்த பிள்ளைக்கு முன்னாடியே தரணும், கூட்டிட்டு வாங்கன்னு அந்த டவுன் டாக்டர் சொன்னாங்க."

"எப்போ?"

"ரெண்டாவது பிரசவத்தப்ப."

"விதின்னு சொன்னாங்கன்னு வந்து சொன்னீங்களே?"

"வசந்தா கல்யாணம் இருந்துச்சே. கூட்டிட்டுப் போனா எதுக்குன்னு கேப்பாங்க. குடும்பத்துல குறைன்னு தெரிஞ்சா வேங்கிக்கால்காரன் திரும்பிப் பார்ப்பானா? சொந்தத்துல கட்டினதும் ஒரு காரணமா இருக்கலாம்னு வேற சொன்னாங்க. அதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" சொல்லிவிட்டு ரிமோட்டைத் தேடினார். காபி ஆறிவிட்டது என்றார்.

சூடு பண்ணிக் கொடுத்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஊர் நர்ஸம்மா வந்தாள். செல்விக்காக போனில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். "மாப்பிள்ளை வழியில யாருக்காவது குறையோட பிள்ளை பிறந்திருக்கா?"

"அப்படி எதுவும் கிடையாதும்மா" என்றார் அவர். அதே குரல்.

"மூணு" என்றேன். "என் ஓரகத்திக்கு. ரெண்டை நான் கண்ணால பார்த்தேன், மண்டை மூடலை. மூணாவதை எனக்குக் காட்டலை. அதுலதான் அவ செத்தா. தாய்மாமனைக் கட்டினவ." அவர் சிரிக்க வாயெடுத்தார். "கன்னுக்குட்டி இல்லம்மா, பிள்ளைங்க" என்றேன்.

நர்ஸம்மா செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவளை டாக்டரிடம் காட்டி இதைச் சொல்ல வேண்டும், மாத்திரை அளவு மாறலாம் என்றாள். அந்த மாத்திரை அன்றைக்கு இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். "சத்தியம் பண்ண முடியாதும்மா. நிறைய பேருக்கு இது வராம தடுக்கும். சத்து, சொந்தம், சர்க்கரை, சில மருந்துன்னு பல காரணம் சேரும், சிலதுக்குக் காரணமே தெரியாது. மறைக்காம சொன்னாத்தானே எதனாலன்னு கண்டுபிடிக்க முடியும்?" என்றாள். கிரகணமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்கு நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய்.

கடைசியில், "குடும்பத் தலைவர் பேர் சொல்லுங்கம்மா" என்றாள். என் கழுத்து தானாகப் பக்கத்தில் திரும்பியது, உன் முகத்தைத் தேடி. அங்கே சுவர்தான் இருந்தது. நானே சொன்னேன். செல்வி வாயைப் பிளந்தாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கரைந்து போகவில்லை.

போன பௌர்ணமி சாயங்காலம் வேலியோரம் போய் நின்றேன். நுணா மரம் இப்போது இல்லை, பாதையை அகலப்படுத்தினபோது வெட்டிவிட்டார்கள். அந்த இடத்துக்கு மேலேதான் ஜனம் நடக்கிறது. கேட்டது அக்கா. அத்தனை காலடியில் சின்னதாக ஒன்று. வேலிக்கு நேரே வந்து நின்றது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். "உங்க மூணு பேரையும் சொல்லிட்டேன்டி கண்ணு, கணக்குல சேர்த்தாச்சு" என்றேன், வாய்விட்டு. பக்கத்தில் போன பக்தர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நடந்தது. கூட்டத்தோடு போனதா, நம் வாசல் பக்கம் வந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அத்தையை மன்னித்துவிட்டேன், பல்லோடு சேர்த்து. அவளுக்குத் தெரிந்தது கரியும் கிரகணமும்தான். உன் மாமன் உன் பின்னாலேயே குடித்துச் செத்தார், அந்தக் கணக்கும் தீர்ந்தது. வசந்தா கம்மலுக்குச் சிரித்த சின்னப் பெண், போகட்டும். தெரிந்தே வாயை மூடியவர் ஒருவர்தான். அவருக்குத் தினமும் சோறு போடுகிறேன், சட்டை மடிக்கிறேன், அதெல்லாம் நடக்கும். எனக்காக அந்தப் பேரைச் சொல்ல நீ இல்லாததால், இனிமேல் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏழுமலை.