காத்திருப்புப் பாட்டு

டிசம்பர் 18

இன்றும் காது வலி. வாஷிங் மெஷின் புகார் எண்ணை அழைக்கிறவர்கள் எல்லோரும் என் வலது காதுக்குள்தான் குடியிருக்கிறார்கள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் அதற்கு ஓய்வு கொடுங்கள் என்றார். கொடுக்கலாம். காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போக முடிந்தால் கொடுக்கலாம்.

குளிக்கப் போன வீட்டுக்காரர் துண்டு கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, "வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் என்னைக் கேட்காமலே பேசுகிறது.

டிசம்பர் 20

நம்ப முடியவில்லை. இருபத்து நான்கு முதல் ஜனவரி ஒன்று வரை எங்கள் கிளைக்கு விடுமுறை. அழைப்புகளை வேறொரு கிளை எடுத்துக்கொள்ளுமாம். ஆறு வருடத்தில் எனக்குக் கிடைக்கும் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறை. மற்றவர்கள் பயணம், விருந்து என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரே ஆசைதான், யாரும் என்னோடு பேசக் கூடாது.

மாமியார் வீட்டுக்கு நான் வரவில்லை, வீட்டிலேயே தனியாகத் தியானம் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தியானமா தூக்கமா என்று கேட்டார் வீட்டுக்காரர். இரண்டும்தான். மாமியாரைச் சமாளிப்பது அவர் பாடு. மகள்தான் சரியாகப் புரிந்துகொண்டாள். "அம்மாவை சார்ஜ்ல போட்டுட்டுப் போறோம்ப்பா," என்றாள்.

டிசம்பர் 23

கிளம்பிவிட்டார்கள். என் சட்டங்களை எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். போன் கிடையாது. வேளைக்கு ஒரு பாத்திரத்துக்கு மேல் கழுவ மாட்டேன். காலையில் ஜெபம், பிறகு ஜன்னலோரம் சும்மா இருத்தல். போனை அணைத்து அலமாரியில் கம்பளிக்கு அடியில் வைத்தாயிற்று. அவசரமென்றால் கீழ்வீட்டுத் தையற்காரரிடம் சொல்லுங்கள் என்றிருக்கிறேன்.

டிசம்பர் 24

பதினோரு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது யாரோ அடித்துப் போட்டதுபோல இருந்தது. தூங்கித் தீராத களைப்பும் உண்டு போல.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மேல்வீட்டில் வாஷிங் மெஷின் ஓடியது. சத்தத்தைக் கேட்டதுமே பேரிங் போய்விட்டது என்று தெரிந்தது, இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் பெரிது. கடவுளே, தியானத்திலுமா?

அது நின்றது. நல்ல அமைதி. பத்து நிமிடம் இருந்திருக்கும். அப்புறம் தலைக்குள் அந்தப் பாட்டு தொடங்கியது. லைனில் காத்திருப்பவர்களுக்கு நாங்கள் போடும் பாட்டு. பாட்டு என்று பெயர்தான், வெறும் பியானோ. நாற்பது நொடி ஓடும், மறுபடி முதலிலிருந்து ஓடும். சாயங்காலம் வரை நிற்கவில்லை.

டிசம்பர் 25

தேவாலயம் போய்வந்தேன். கடைசி வரிசை. பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லுங்கள் என்றார் போதகர். முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் கையை விட்டுவிட்டார், பாவம்.

எழுதிவிடுகிறேன். மூன்று வருடமாக எழுதாததை.

அம்மா படுத்த படுக்கையாக அக்கா வீட்டில் இருந்தாள். பார்த்துக்கொண்டது முழுக்க அக்காதான். வேலை நேரத்தில் எங்கள் போன்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதனால் அன்று அக்கா புகார் எண்ணுக்கே அழைத்தாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொன்னதையெல்லாம் அழுத்தி, இரண்டு பேரிடம் கெஞ்சி, என்னிடம் வந்து சேர்ந்தாள்.

"அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுடி. உன் குரலைக் கேக்கணும்கிறா."

சூப்பர்வைசர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சொந்தப் பேச்சு பேசினால் எழுதிவைத்துக்கொள்வார். நான் என் கூடப்பிறந்தவளிடம், "உங்கள் பிரச்சினை புரிகிறது, சற்றுக் காத்திருங்கள்," என்றேன். பாட்டுப் போடும் பொத்தானை அழுத்தினேன். அவர் நகர்ந்ததும் எடுத்துப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். அவர் நகரவில்லை. அடுத்த அழைப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பதினேழு நிமிடம் கழித்து எடுத்தபோது லைனில் யாரும் இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள். "அம்மா போனப்ப என் காதுல உங்க பாட்டு ஓடிட்டிருந்துச்சு."

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவள் கோபம் தணியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். பொய். பயம்.

டிசம்பர் 26

கம்பளிக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன். ஏழு எண் வரை அழுத்தினேன். வைத்துவிட்டேன்.

டிசம்பர் 27

என்னத்தைச் சொல்லுவேன்? மன்னிச்சிடுன்னா? ஒரு நாளைக்கு நூறு தடவை, முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் சொல்ற சொல் அது. குழாய் ஒழுகினா மன்னிக்கவும், மெக்கானிக் வரலைன்னா மன்னிக்கவும். அக்காவுக்குன்னு என்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். அடுத்து புகார் எண் கேக்கப் போறவ மாதிரியே இருந்துச்சு.

ஓய்வெடுக்க உட்கார்ந்தேன், உட்கார்ந்ததுதான் மிச்சம். ஒரு பாத்திரச் சட்டம் மட்டும் இன்னும் மீறப்படவில்லை. சமைக்கவே இல்லை.

டிசம்பர் 28

காலை பத்து மணிக்கு அழைத்துவிட்டேன். ஜெபம் செய்யவில்லை, யோசிக்கவுமில்லை. யோசித்தால் கை நின்றுவிடும்.

நான்காவது மணியில் எடுத்தாள். பேசவில்லை. என் எண் அவளுக்குத் தெரியும். மூச்சு மட்டும் கேட்டது. சொல்ல வேண்டியதை எழுதிய காகிதம் கையிலேயே இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"காத்திருந்தமைக்கு நன்றி."

காத்திருக்க வைத்தவரிடம் திரும்ப வரும்போது நாங்கள் சொல்ல வேண்டிய வாசகம். ஆறு வருடப் பழக்கம். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"மூணு வருஷம்டி," என்றாள் அக்கா. பிறகு, "இந்தத் தடவை பாட்டுகூடப் போடல."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். அது அவளா நானா என்பதும் தெரியவில்லை. அப்புறம்தான் சொன்னேன், மன்னிச்சிடுக்கா என்று. அதே பழைய சொல்தான். ஆனால் தொண்டையை அறுத்துக்கொண்டு வந்தது.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதற்கு இன்னும் நாளாகும், அவசரப்படுத்தாதே என்றாள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றதும் திட்டினாள். இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். வலது காதில்தான். வலித்ததா என்று கவனிக்கவில்லை.

டிசம்பர் 30

மதியம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அக்கா போன் செய்து எழுப்பினாள். அவள் மெஷின் கதவோரம் ஒழுகுகிறதாம், புகார் கொடுக்க வேண்டுமாம். இன்று விடுமுறை என்றேன். "அப்ப காத்திருக்கேன்," என்றாள்.

ஜனவரி 2

வேலை. ஓய்வெல்லாம் எப்படி என்று சூப்பர்வைசர் விசாரித்தார். போட்ட சட்டத்தையெல்லாம் மீறியதில் நன்றாகவே போயிற்று என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஹெட்போனை மாட்டியதும் காது கொஞ்சம் வலித்தது.

முதல் அழைப்பு, வயதான ஒருவர். மெஷின் கதவு திறக்கவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவியின் துணியெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர் பகுதிக்கு மெக்கானிக் யார் என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் காத்திருங்கள் என்றேன். கை பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. பாட்டு வராததில் அவர் கலங்கிவிட்டார்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேங்க. லைன்லதான் இருக்கேன்."

பட்டியலைத் தேடிக்கொண்டே அவர் மனைவிக்கு என்னவென்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார். சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. நிற்கட்டும்.