வாரத்துக்கு அரைப் பை

மார்லோ ஃபால்ஸ், ஒஹாயோ
மார்ச் 4

அன்புத் தம்பி கிளிஃபர்டுக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. போன் செய்தால் ‘மீட்டிங்’ என்கிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது பார்.

நகர மையத்தின் கடைசி மளிகைக் கடையை மூடி நான்கு வருடமாகிறது. ஒரு முட்டைக்கோஸுக்கு இரண்டு பஸ் மாறுகிறேன். புதுக் கடைகளுக்கு இடம் பார்ப்பதுதானே உன் கம்பெனியில் உனக்கு வேலை? அக்கா இருக்கும் ஊர் மட்டும் கண்ணில் படாதா?

வெர்னா

சின்சினாட்டி
மார்ச் 15

அன்புள்ள அக்கா,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் ஆறு மணிக்கு ஆபீஸ்கள் மூடினால் உன் தெரு காலி. அதனால்தான் எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள்.

உன் கட்டடத்தின் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் உன் பெயருக்கே படிவம் அனுப்பியிருக்கிறேன், நீயே கேட்டு நிரப்பு. எத்தனை பேர், என்ன வயது, வாரத்துக்கு எத்தனை பை சாமான். வெளியாள் கேட்டால் சொல்ல மாட்டார்கள், உன்னிடம் சொல்வார்கள்.

கிளிஃபர்டு

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

எல்லாக் கதவையும் தட்டிவிட்டேன். ஆறாவது மாடி ஹாலிஸ், “அரைப் பைதான் வெர்னா. ஆனா நாலுன்னு போட்டுக்க, அப்பத்தான் கடைக்காரன் வாயில எச்சில் ஊறும்” என்றார். “என் தம்பிகிட்ட பொய் வேணாம்யா” என்று உள்ளதையே எழுதினேன். பக்கத்து வீட்டு டெல்ஃபின், இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டதாகச் சொன்னாள். அதையும் எழுதினேன்.

இரண்டு வாரமாக எதிர் நடைபாதையில் ஒருவன் நின்று, எங்கள் வாசலில் போய்வருகிறவர்களை எண்ணுகிறான். நேற்று இருவர் வந்து மாடிப்படியை அளந்தார்கள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். உங்கள் ஆட்களா? எனக்குப் பயமாக இருக்கிறது.

வெர்னா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

கடை வருகிறது. உன் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே.

ஆனால் அரைப் பைக்காரர்களை நம்பிக் கடை போட முடியாது என்று எங்கள் கம்பெனி கட்டட முதலாளியிடம் சொல்லிவிட்டது, உன் படிவங்களைக் காட்டித்தான். மேல்மாடிகளைக் காலி செய்து, புதுப்பித்து, நல்ல சம்பளக்காரர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார். செப்டம்பரில் எல்லோருக்கும் நோட்டீஸ் வரும்.

ஒப்பந்தம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே. விஷயம் நகர சபைக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும், என் வேலையும் போய்விடும். நீ இங்கே வந்துவிடு, அறை தயாராக இருக்கிறது. இதைக் கிழித்துப் போடு.

கிளிஃபர்டு

ஜூன் 14

கிளிஃபர்டு,

நேற்று சனிக்கிழமை. கீழே துணி துவைக்கும் அறையில் எல்லோரும் இருந்தார்கள். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இன்னொரு தடவ படி, வெர்னா” என்றாள் டெல்ஃபின். படித்தேன்.

செவ்வாய்க்கிழமை நகர சபை கூடுகிறது. கடிதத்தோடு எல்லோரும் போகிறோம். முதலில் பேசப் போவது நான்தான். வீடு வீடாகப் போனது நான்தானே.

“தம்பி பேரை மட்டும் மறைச்சிடலாம் வெர்னா. அக்கா தம்பிக்குள்ள பகை எதுக்கு?” என்று டெல்ஃபின் கேட்டாள். விடிய விடிய அழுதேன். காலையில் அவளிடம் போய், மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெர்னா