நேர்ந்துவிட்ட கடல்

கிரின்ஸ்டெட்,
வியாழன் மாலை

என் அன்புக் கணவர் றொபேட் அவர்களுக்கு, மேரிசெலின் கடையின் பின்னறையில் இருந்து எழுதுவது.

சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்த கடலுக்குள் நீங்கள் இறங்கினீர்கள். உயிரோடு கரைக்கு வந்ததும் நான் மாதாவுக்கு வைத்த நேர்த்தியைச் சொன்னேன். மறுநாள் விமானம் ஏறமாட்டேன் என்றீர்கள். நான் தனியே பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் கோபத்தில் கதைத்தது.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் சுகமா என்று கேட்க வழியில்லை, தொலைபேசியை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அங்கே போர்த்துக்கல்லில் வீட்டை வாடகைக்குத் தந்த யூலியானாவுக்குச் செய்தி அனுப்பலாம்தான். ஆனால் கணவன் மனைவி விஷயத்தை மொழிபெயர்க்கிற இயந்திரத்திடம் கொடுக்க எனக்கு மனமில்லை. இந்த டெனிஷ் நாட்டில் சிவப்புத் தபால் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே பார்சல் வண்டிக்காரனிடம் அவசரத் தபாலாகக் கொடுக்கிறேன். நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்த உங்கள் மச்சான் நிக்கலஸ், “அத்தான் என்ன ஜெயிலிலயோ இருக்கிறார், அக்கா? கடிதம் எழுதுறியள்?” என்று கேட்டான். நான் முறைத்ததும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டான்.

இப்போது அந்தக் கடற்கரையைப் பற்றிச் சொல்கிறேன். பாத்திமா அன்னையிடம் போய்விட்டு அப்படியே ஓய்வுக்கு ஒரு கடற்கரைக்குப் போவோம் என்று நான் சொன்னபோது, “நீயோ? ஓய்வோ?” என்று சிரித்தீர்கள். அந்த இடத்தை எப்படித் தேடிப் பிடித்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கடைக்குச் சாமான் எடுக்கிற முறையில்தான் தேடினேன். விற்கிறவன் எழுதும் புகழ்ச்சியை நான் படிப்பதில்லை. வாங்கி ஏமாந்தவன் எழுதும் முறைப்பாட்டைத்தான் படிப்பேன். போர்த்துக்கல் கடற்கரைகளைப் பற்றி ஆட்கள் எழுதிய முறைப்பாடுகளைக் கடை பூட்டியபின் இருந்து படித்தேன். தெற்குக் கரைகளைச் சனம் கூட, பாட்டுச் சத்தம் கூட, குடைக்குக் குடை முட்டுகிறது என்று திட்டியிருந்தார்கள். மேற்கில் உள்ள இந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் ஒருவன் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தான். அழகு, அமைதி, ஆனால் தண்ணீர் ஐஸ், அலை பெரிது, குளிக்கவே விடுகிறார்கள் இல்லை, கொடி ஒன்றில் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு என்று எழுதியிருந்தான்.

அதைப் படித்ததும் அன்றைக்கே பதிவு செய்தேன். நீங்கள் கடலைப் பார்ப்பீர்கள், காற்று வாங்குவீர்கள், ஆனால் இறங்க முடியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மன்னாரில் சங்கு குளித்த மனிதனுக்குச் சிவப்புக் கொடி வெறும் துணித்துண்டு என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

முதல் நாட்கள் நன்றாகத்தான் இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. அவ்வளவு நீளமான மணலில் எங்களையும் ஒரு கிழவரையும் அவருடைய நாயையும் தவிர ஆளே இல்லை. காற்றுக்குத் துணி மறைப்புக் கட்டி அதற்குப் பின்னால் படுத்தோம். ஃபாக்டரியில் இரவு வேலை செய்த காலத்திலும் பகலில் கண்மூடாத நீங்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்கினீர்கள். சுட்ட சாளை மீனை விரலால் பிய்த்துத் தின்றீர்கள். கடலுக்குள் நிற்கும் பாறை உச்சியில் நாரை கூடு கட்டியிருந்ததைக் காட்டி, “வாடகை இல்லாத வீடு. உனக்குப் பிடிக்கும்” என்று பகிடி விட்டீர்கள். உண்மையில் எனக்குப் பிடித்தது.

பிறகு அந்தக் காலை. “கண்ணாடியைப் பிடி” என்று என் கையில் தந்துவிட்டு எழுந்து நடந்தீர்கள். கால் நனைக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். காவல்காரப் பெடியன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு அலை வந்தது, அடுத்தது வந்தது, உங்கள் தலை இல்லை. நான் கத்தினேன், எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. நீங்கள் பாறைக்கு அந்தப் பக்கத்தால், உதடு நீலமாகி, சிரித்துக்கொண்டு ஏறி வந்தீர்கள். ஆம், தலை துடைக்க வைத்திருந்த துவாயால் அடித்தேன். அந்தக் கிழவரும் நாயும் பார்த்துக்கொண்டு நின்றதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கோபத்தில்தான் வாய் தவறிச் சொன்னேன். உங்கள் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்தபோது வெளியே இருந்த நான், இவர் பிழைத்தால் இனிக் கடலில் கால் வைக்கமாட்டார் என்று மாதாவுக்கு நேர்ந்தேன். பாத்திமாவில் உங்கள் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்தியது அதற்காகத்தான். நெஞ்சுக் காயம் ஆறியபின் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நீந்தலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் உங்களை இங்குள்ள நீச்சல் மண்டபத்துக்குக்கூடப் போகவிடாமல் சாட்டுச் சொன்னதும் அதனால்தான். அதற்கு நீங்கள், “என்ர கடலை நீ ஆரைக் கேட்டு நேர்ந்துவிட்டனீ?” என்று கேட்டீர்கள். ஏன் நேர்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். என்னைப் பெற்ற அப்பு கடலுக்குப் போன வள்ளம் வெறுமையாக வந்து சேர்ந்த கதையைக் கலியாணம் பேசி வந்த அன்றே சொன்னவள் நான்.

அவரை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று சனம் கேட்கும். ஸ்கீவ ஊர்க் கலியாண வீட்டுக்குச் சாமான் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதோடு நீங்கள், “போ, எனக்குக் காவல் வேண்டாம்” என்றீர்கள். இரண்டும் உண்மை.

உங்கள் மருந்துக் குளிசைகளை நீலப் பையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காலைக் குளிசையைச் சாப்பிட்ட பின்தான் எடுக்க வேண்டும். கரையிலேயே இருங்கள். மாதா உங்களைக் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மேரிசெலின்


கிரின்ஸ்டெட்,
திங்கள், கடை திறக்க முன்

அன்பானவருக்கு,

என் முதல் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்ததாக யூலியானா எழுதியிருக்கிறாள். அதோடு நான் கேட்காத இன்னொன்றையும் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு காலையும் காவல்காரர் வருமுன் நீங்கள் துவாயை எடுத்துக்கொண்டு இறங்குகிறீர்களாம், ஈரத் தலையோடு வருகிறீர்களாம். உங்கள் கணவர் மிகவும் நல்லவர், ஆனால் எங்கள் ஊர் மீனவர்களே அந்தப் பாறைப் பக்கம் போகமாட்டார்கள் என்கிறாள்.

அதைப் படித்தபின் நான் இருந்த இருப்பைச் சொல்லிப் பிரயோசனமில்லை. ஸ்கீவ கலியாணச் சாமானில் ஒரு பெட்டி மிளகாய்த்தூளை விட்டுவிட்டு வண்டியை அனுப்பினேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. நிக்கலஸ்தான் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பகிடியும் விடுகிறான் இல்லை.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரி வேலை முடிந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். நீ அப்பாவுக்குச் சொல்லு என்றேன். சுஜாந்தினி வழக்கம்போல டெனிஷில், அப்பா உங்கள் கடைச் சாமான் இல்லை அம்மா, இறாக்கைத் தட்டில் வைத்துப் பூட்ட முடியாது என்றாள். பிறகு அவளும் அழுதாள். குளிர்ந்த கடல் அந்த இதயத்துக்குக் கூடாது, இளஞ்சூடான, அலையில்லாத தண்ணீர் என்றால் பயமில்லை என்றாள். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்றேன். சொன்னேனே, நீங்கள்தான் கேட்கவில்லை என்றாள்.

நேற்றுப் பூசை முடிய, அதை ஒப்புக்கொடுத்த தமிழ்ச் சுவாமியைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “நேர்த்தி வைக்கிறவருக்குத்தான் நேர்த்தி. றொபேட்டின்ர தலையில நீங்கள் எழுதேலாது” என்றார். அப்படியென்றால் நான் நேர்ந்தது செல்லாதா என்று கேட்டேன். உங்களுக்குச் சொந்தமில்லாததை நீங்கள் எப்படிக் கொடுப்பது என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதே வசனத்தை மொத்த வியாபாரிகளுக்கு எத்தனை தரம் நான் சொல்லியிருக்கிறேன்!

ஆனால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை வெறுங்கையோடு திருப்பி எடுக்க என்னால் முடியாது. சரி, இனி ஞாயிறு கடை பூட்டுகிறேன் என்றேன். அவர் பெரிதாகச் சிரித்தார். “ஞாயிறு ஏற்கெனவே ஆண்டவரின்ர. அவரின்ர சாமானை அவருக்கே விக்கிறியளோ?” என்றார். பிறகு, கொடுக்க மனமில்லாத ஒன்று உங்களிடம் இருந்தால் அதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, கோப்பி குடிக்கப் போய்விட்டார். அது என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகவே ஒன்றை நேராக எழுதுகிறேன். உங்கள் கடலை உங்களிடமே திருப்பித் தந்துவிட்டேன். நீங்கள் இறங்கலாம். ஆனால் அந்தக் கடலில் வேண்டாம்.

மறுபடி முறைப்பாடுகளைப் படித்தேன், இந்த முறை உங்களுக்காக. தெற்கே ஒல்யாங் என்ற ஊரில் இருந்து படகில் போகிற ஆர்மோனா என்றொரு தீவு. கார் கிடையாது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அலையில்லாத உப்புநீர்க் களப்பு. அங்கே போன ஒரு இளம் சோடி, செய்ய ஒன்றுமே இல்லை, தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கிறது, மட்டி கிண்டுகிற சனமும் தூங்குகிற சனமும்தான் என்று கோபமாக எழுதியிருக்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் களப்புக்குள் நடந்தே திரியலாமாம், மணல் திட்டுகள் வெளியே வருமாம். அங்கே ஒரு சின்ன வீடு பார்த்து, உங்கள் பெயரில் பிடித்து வைத்திருக்கிறேன். விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம்.

இனி ஒரு காலையும் அந்தப் பாறைப் பக்கம் போகவேண்டாம். இதை நேர்த்திக்காகச் சொல்லவில்லை. கையில் உங்கள் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றவள் சொல்கிறேன். இன்னொரு தரம் அப்படி நிற்க எனக்குப் பலமில்லை.

இப்படிக்கு,
உங்கள் செலின்


கிரின்ஸ்டெட்,
வெள்ளி இரவு

என் ராசாவுக்கு,

நீங்கள் தொலைபேசி எடுத்தபோது கடையில் வரிசை நின்றது. முன்னால் நின்றது பாமா, தமிழ்நாட்டுப் பிள்ளை, கணவருக்கு பில்லுண்டில் கம்பியூட்டர் வேலை. கறிவேப்பிலையை நீட்டிக்கொண்டு நின்றவளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன். கதைத்து முடித்து வந்து பார்த்தால் அவளே கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று மற்றவர்களைச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். “அங்கிள் நல்லா இருக்காரா ஆன்ட்டி? அழாதீங்க” என்றாள். நான் அழவில்லை என்று சொன்னேன்.

என் கடிதம் கிடைத்த மறுநாள் காலை நீங்கள் துவாயோடு போய், மணலில் இருந்துவிட்டு, நனையாமல் திரும்பியதாகச் சொன்னீர்களே, அதை இரண்டு தரம் கேட்டேன் என்று கோபிக்க வேண்டாம். முதல் தரம் நம்புவதற்கு, இரண்டாம் தரம் கேட்க ஆசையாக இருந்ததால். நெஞ்சில் கத்தி வைத்த நாளிலிருந்து எல்லாரும் உங்களைக் கண்ணாடிச் சாமான் போலத் தூக்குகிறார்கள், தண்ணீருக்குள் மட்டும்தான் பழைய ஆளாக இருக்கிறேன் என்றீர்கள். இதை நீங்கள் இங்கே வீட்டிலிருந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். அதுவும் உண்மை.

நீங்கள் கேட்ட அந்த ஒன்றுக்குத்தான் நான் அவ்வளவு நேரம் என் செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து, “செலின்? இஞ்சேரும், நிக்கிறீரோ?” என்று கூப்பிட்டீர்கள். நின்றேன். அப்பு போன நாளிலிருந்து கடல் தண்ணீர் என் காலில் பட்டதில்லை. மன்னாரில் இருந்தபோதும் இல்லை. உங்களோடு இத்தனை கரைகளுக்கு வந்தும், செருப்பைக் கழற்றாமல் இருந்தவள். நீரும் என்னோடு கடலில் இறங்கினால்தான் நான் ஆர்மோனாவுக்குப் போவன் என்று நீங்கள் சொன்னது பேரம் இல்லை, கழுத்தில் கத்தி.

இரவு முழுக்க யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது. சுவாமி சொன்ன அந்தக் கொடுக்க மனமில்லாத ஒன்று இதுதானோ என்னவோ, மாதா கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு நீங்கள் பேச்சை மாற்றக்கூடாது என்பதற்காக, ஒத்துக்கொண்டதை எழுதி வைக்கிறேன். நீங்கள் நாளைக்கே அந்த வீட்டைப் பூட்டித் திறப்பை யூலியானாவிடம் கொடுத்துவிட்டுத் தெற்கே பஸ் ஏறுவது. நான் வரும்வரை களப்பில் இடுப்பளவு மட்டும். நான் கடையை நிக்கலஸிடம் கொடுத்துவிட்டு வருவது. ஒரு நாளைக்கு ஒரு தரத்துக்கு மேல் அவனுக்கு எடுக்காமல் இருப்பது. நான் வந்தபின் நீங்கள் விரும்பிய அளவுக்கு நீந்துவது, உங்கள் தலை என் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். நான் கரையில் நின்று கத்தாமல் இருப்பது. நான் இறங்குவது ஒரே ஒரு தரம், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை. அதற்கு மேல் ஒரு விரலளவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் செலின்