அவளுக்கே போகும் பந்து

மார்ச் 3
ஸ்கூட்டருக்குக் காற்று அடித்தேன். அக்காவுக்கு மாலை ஷிப்ட்; அவள் மகள் வாண்டுவைக் கூடைப்பந்துக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு.

இன்று ஒன்று உறுத்தியது. வாண்டு கூடைக்கு எதிரே தனியாக நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும். போடவில்லை. பந்தைக் கோச்சின் மகளுக்குத் தள்ளிவிட்டாள். அவள் போட்டாள். கோச் கைதட்டினார்.

மார்ச் 5
மறுபடியும். வாண்டு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளும். சனிக்கிழமை நகர அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சொந்தப் பெண் மேலே ஏற, ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டா?

"கோச் சொன்னாரா?"
"யாரும் சொல்லல."
"அப்புறம்?"
"மாமா, சிக்னல்ல பச்சை விழுந்துடுச்சு, போ."

பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டாள். யாரிடம்?

மார்ச் 6
அக்கா: "காப்பில சர்க்கரை போட்டாக்கூட ஏன் போட்டன்னு கேக்கற ஆளுடா நீ."
கேட்டால் என்ன?

மார்ச் 8
கோச்சின் மகளை எடுத்துக்கொண்டார்கள். வாண்டுவை இல்லை.

பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "உங்க பொண்ணுக்கே பந்தக் குடுக்கச் சொல்லி எத்தன நாளா பழக்கினீங்க?"

அவர் முகத்தில் கள்ளத்தைத் தேடினேன். குழப்பம்தான் இருந்தது. மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தன் கைகளைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

வழியெல்லாம் வாண்டு அழுதாள்.

"அவ கூடை போடலன்னா வீடு போற வரைக்கும் கோச் கார்ல அவளத் திட்டுவாரு. ஒரு நாள் நானும் அந்தக் கார்ல வந்தேன். அதான் நாங்களே பேசிவெச்சோம். அவளுக்கே தெரியாது மாமா. இப்ப தெரிஞ்சுடுச்சு."

உண்மையா? கோச்சைக் காப்பாற்றச் சொல்கிறாளா — சே. என்ன மனுஷன்டா நான்.

மார்ச் 10
ஸ்கூட்டரில் வாண்டு என் இடுப்பைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 15
நகர அணிக்குப் போகமாட்டேன் என்றாளாம் கோச்சின் மகள். அந்த இடம் வாண்டுவுக்கு வந்தது. "எனக்கும் வேணாம்" என்றுவிட்டாள்.

பயிற்சி முடிந்ததும் கோச் என்னை நோக்கி வந்தார். சண்டைக்கா? சாவியை இறுக்கிப் பிடித்தேன்.

"என் பொண்ணு எங்கிட்டப் பேசறதில்ல தம்பி. உங்க அக்கா பொண்ண அவகிட்டக் கொஞ்சம் பேசச் சொல்லி..."
"அவ எங்கிட்டயும் பேசறதில்ல சார்."

கேட்டருகே நின்றோம். உள்ளே வாண்டுவும் கோச்சின் மகளும் மட்டும், பந்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டு. கூடைப் பக்கமே போகவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

இருட்டிக்கொண்டு வந்தது. கூப்பிட எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.