டிரைவர் போட்ட மூன்று நட்சத்திரத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
மெத்தை, திண்டு தைப்பவர்,
பேருந்துப் பணிமனைக்கு எதிர்வரிசை,
டயர்க் கடைக்கு அடுத்த கதவு.

பெறுநர்
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: இணைய விற்பனைத் தளத்தில் என் கடைக்கு வந்த ஒரே உண்மையான மதிப்புரையை, முப்பது பொய் மதிப்புரைகளோடு சேர்த்து நீக்கியது குறித்து.

பார்வை: சென்ற மாதம் தங்கள் அலுவலகம் நடத்திய வணிகர் கூட்டம், அங்கு தந்த நீல அட்டைக் கையேடு, பக்கம் 14.

மதிப்பிற்குரிய அம்மா,

1. அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து இரண்டு முறை கை தூக்கிய வழுக்கைத் தலை நான்தான். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன். தேநீர் உண்டு என்றார்கள், வந்தேன். ஆனால் புதிய விதிகளைத் தாங்கள் விளக்கியதும் தேநீர் மறந்து போயிற்று. அன்று வீடு வரை என் கால் தரையில் பாவவில்லை. வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பதினோரு வருடம் தொங்கிய பலகையைக் கழற்றினேன். கையேட்டை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் பக்கம் 14-இன் மேல் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

2. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் மகளின் பிறந்தநாளுக்கு உறவினர் முப்பது பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு கைபேசியில், தளத்தில் உள்ள என் கடைப் பக்கத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட வைத்தேன். மைத்துனர், என் மெத்தையில் படுத்த பிறகு சர்க்கரை குறைந்ததாக எழுதினார். அவர் என்னிடம் தலையணை உறை கூட வாங்கியதில்லை. என் தங்கை, "அண்ணன் ரொம்ப நல்லவர்" என்று எழுதினாள். மகள் மட்டும், "அப்பா, இது தப்பில்லையா?" என்றாள். "சொந்தக்காரங்க நாலு நல்ல வார்த்தை சொன்னா எப்படிம்மா தப்பாகும்?" என்று கேட்டேன். தப்புதான் என்று பக்கம் 14 சொல்கிறது. மகள் அதைச் சத்தமாக இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

3. முப்பத்தொன்றாவது மதிப்புரை வேறு வகை. எதிர்ப் பணிமனையில் பேருந்து ஓட்டுபவர், முதுகு வலிக்கு இருக்கைத் திண்டு ஒன்று கேட்டார். தைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே திண்டோடு மேற்படி பலகைக்கு நேர் கீழே வந்து நின்று, "அண்ணே, இதுல உட்கார்றதுக்குப் படியிலயே உட்கார்ந்து ஓட்டலாம்" என்றார். பலகையைப் பார்த்தேன், அவர் இடுப்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். பிரித்து, நடுவில் பள்ளம் விட்டு, மறுபடி தைத்தேன். காத்திருந்தவர் சுவரில் எழுதியிருந்த கடை வைஃபை கடவுச்சொல்லைப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதினார்:

"மொத தடவை கல்லு மாதிரி தைச்சாரு. திருப்பிக் கொடுத்தேன். மூஞ்சி சுளிக்காம பிரிச்சுத் தைச்சுக் கொடுத்தாரு. இப்ப எட்டு மணி நேரம் உட்கார முடியுது."

மூன்று நட்சத்திரம். "இன்னும் ஒண்ணு சேர்த்துப் போடக்கூடாதா தம்பி?" என்றேன். "கல்லுக்கு ரெண்டு கழிச்சுட்டேண்ணே" என்றார்.

4. கூட்டம் முடிந்த மறுநாள், உற்சாகம் தாங்காமல் நானே தளத்தின் நிறுவனத்துக்கு எழுதினேன். முப்பது பெயரையும் உறவுமுறையோடு பட்டியலிட்டு, நீக்கச் சொன்னேன். டிரைவருடையது உண்மை, அதை விட்டுவிடவும் என்றும் எழுதினேன். நான்காம் நாள் முப்பத்தொன்றையும் நீக்கி, பக்கத்தின் தலையில் 'போலி மதிப்புரைகள் கண்டறியப்பட்ட கடை' என்று சிவப்புப் பட்டை ஒட்டிவிட்டார்கள். எல்லாம் ஒரே இணைய இணைப்பிலிருந்து பதிவானவையாம். கடைக்கும் பின்னால் உள்ள வீட்டுக்கும் ஒரே இணைப்புதான் அம்மா. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதைப் பெரிய உபசரணை என்று நினைத்திருந்தேன். டிரைவரின் ரசீதை அனுப்பினேன். கணினி தானாக அனுப்பும் பதில் ஒன்று வந்தது; அதில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

5. இதற்கிடையே டிரைவரின் மதிப்புரையை முன்பே படித்திருந்த பணிமனை மேலாளர், நாற்பது ஓட்டுநர் இருக்கைக்கும் திண்டு தைக்க முடியுமா என்று கேட்டு வந்தார். என் வாழ்நாளில் நாற்பது என்ற எண்ணிக்கையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. என் மனைவி, "முப்பது பேர் அஞ்சஞ்சு போட்டும் வராத வேலை, ஒரு மனுஷன் மூணு போட்டு வந்திருக்கு பாருங்க" என்றாள். மேலாளர் தம் மேலிடத்துக்குக் காட்ட மறுபடி பக்கத்தைத் திறந்தபோது சிவப்புப் பட்டைதான் இருந்தது. இருபதாம் தேதிக்குள் அது போகாவிட்டால் வேறு கடை பார்ப்பதாகச் சங்கடத்தோடு சொல்லிப் போனார். அவர் மேல் குற்றமில்லை.

6. மேலாளர் போன பிறகு கையேட்டை மறுபடி புரட்டியபோதுதான் பக்கம் 14-இல் கீழிருந்து ஐந்தாம் வரி கண்ணில் பட்டது: பொருளை உண்மையில் வாங்கியவரின் மதிப்புரையை, விற்பவருக்குச் சாதகமோ பாதகமோ, தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. அந்த வரியைப் படித்ததும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். இந்தச் சட்டம் என்னைப் பிடிக்க வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்காகவும் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.

7. ஆகவே, முப்பது பொய்களுக்கு என்ன தண்டனையோ அதை எனக்கு விதியுங்கள். மைத்துனரை விட்டுவிடுங்கள், அவர் என் சாப்பாட்டுக்குக் கட்டுப்பட்டு எழுதினார். டிரைவரின் மதிப்புரையை மட்டும் இருபதாம் தேதிக்குள் திரும்பப் போடவும், சிவப்புப் பட்டையை எடுக்கவும் நிறுவனத்துக்கு உத்தரவிடப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டிரைவருக்கு வியாழன் விடுமுறை. அழைத்தால் திண்டோடு வந்து சாட்சி சொல்வார். திண்டை மட்டும் அன்றே திருப்பித் தந்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை காலை வண்டி எடுக்க வேண்டுமாம்.

மூன்றை ஐந்தாக்க வேண்டாம் அம்மா. மூன்றாகவே வரட்டும். 'கல்லு மாதிரி' என்பதையும் எடுத்துவிடாமல் போடச் சொல்லுங்கள். மேலாளர் அதை நம்பித்தான் வந்தார்.

இணைப்பு: டிரைவரின் ரசீது, அவர் கையொப்பமிட்ட கடிதம், உறவினர் முப்பது பேர் பட்டியல், முதலில் தைத்த திண்டின் பிரித்த உறை.

நாள்: 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: என் கடை, தையல் மேசை

தங்கள் கூட்டத்தால் திருந்திய,
மெத்தை தைப்பவர்
(கையொப்பம்)